பெயர் சொல்லி வேண்டிய பிறகு

2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நான் எழுத்தராக வேலை பார்த்த தனியார் பள்ளியில், பதினொரு ஆண்டுகளாகப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா ஒருவரை, கட்டணப் பணத்தில் 9,200 ரூபாய் குறைகிறது என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை மாலையில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய தயவு என்று அவரிடம் சொல்லப்பட்டது. மே மாதச் சம்பளமும் ஜூனில் வேலை செய்த நாட்களின் கூலியும் அந்தத் தொகைக்கு ஈடாகப் பிடித்துவைக்கப்பட்டன. முந்தின நாள் வசூலான பணம் இரவு முழுவதும் அலுவலக அலமாரியில் இருந்தது. அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனவர் ஆயாம்மா. ஆகவே எடுத்தவரும் அவர்தான் என்பதே அவர்கள் கண்ட நியாயம். இதையெல்லாம் சொல்லும்போது நான் நான்கடி தள்ளி என் மேசையில் அமர்ந்து, ரசீதுப் புத்தகத்தின் தாள்களை எண்ணுகிறவளைப்போல் விரல்களை அசைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்போது சாவிக்கொத்தை என் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் தலை நிமிரவில்லை.

மற்றவர்களுக்காகப் பரிந்து பேசும் தைரியத்தைப் பற்றி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்லும்படி என்னைக் கேட்கிறபோதெல்லாம், இந்த நிமிராத தலையிலிருந்துதான் தொடங்குகிறேன். எனக்குத் தைரியம் இயல்பாக வந்ததில்லை. அது வந்த பாதையில் பயம் எந்த இடத்திலும் என்னை விட்டுப் போகவும் இல்லை.

பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில், ஊழியர் பிள்ளை என்ற சலுகையில், பாதிக் கட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைய வசூலைக் கூட்டிக் கணக்கில் ஏற்றியவர் பள்ளியின் மேலாளர். அவர் தாளாளருக்கு உறவினர். இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் எனக்கு இரத்த உறவோ சபை உறவோ இல்லாத ஆயாம்மாவை வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான்.

தமிழில் இந்த விஷயத்துக்கு வழங்கும் சொற்களை நான் பின்னால் யோசித்துப் பார்த்தேன். விண்ணப்பம் என்ற சொல்லை ஆலயத்திலும் எழுதுகிறோம், வட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுதுகிறோம். மன்றாடுதல் என்பது ஜெபத்துக்குரிய சொல்லாக நமக்குப் பழகிப்போனாலும், அதன் வேர் மன்று; மன்றத்தில் நின்று வழக்குப் பேசுவதும் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளே. கடவுளிடம் கேட்பதற்கும் அதிகாரத்தில் இருப்பவரிடம் கேட்பதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். இரண்டையும் வெவ்வேறு வேலைகளாகப் பிரித்து, எளிதான ஒன்றை மட்டும் நான் நெடுநாள் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சபைகளின் வரலாறு இதற்கு நேர்மாறானது என்பதுதான் வெட்கமான செய்தி. இம்மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. அடிமைகளை நிலத்தோடு சேர்த்து விற்று வாங்கிய அந்த அரசில், மிஷனரிகள் 1847-இல் ஒன்றாகக் கையெழுத்திட்டு, அடிமை முறையை ஒழிக்கும்படி மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். அரச பிரகடனம் வெளிவந்தது 1855-இல். எட்டு ஆண்டுகள். அந்த மனிதர்களிடம் எனக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழங்காலில் நின்றதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, தாளை எடுத்து எழுதினார்கள், பதில் வராத ஆண்டுகளிலும் பொறுத்திருந்தார்கள். அவர்கள் நட்ட சபையில் பிறந்து வளர்ந்த நான் ஒரு 9,200 ரூபாய்க்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவின் உபவாச ஜெபத்தில், ‘கஷ்டத்தில் இருக்கிற எல்லாரையும் ஆண்டவர் நினைத்தருள வேண்டும்’ என்று உருக்கமாக ஜெபித்தேன். கண்ணீர்கூட வந்தது. ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்கும்போது, அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூத்த அக்கா என் அருகில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: “யாருக்காக மக்களே இப்படி அழுதாய்? பேர் இல்லாமல் மருந்துச் சீட்டு எழுதுவார்களா?”

நான் பதில் சொல்லவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் அதிகாலையிலிருந்து ஆயாம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். இது சிறிய மாற்றம்போலத் தோன்றும். ஆனால் பெயரைச் சொன்னதும் முகம் வந்தது; முகத்தோடு அவருடைய எவர்சில்வர் தூக்குப்பாத்திரம், மழை நாளில் அவர் தலையில் போட்டுக்கொள்ளும் உரச்சாக்கு, எல்.கே.ஜி. குழந்தைகளின் மூக்கைத் தன் முந்தானையிலேயே துடைத்துவிடும் பழக்கம் எல்லாம் வந்தன. பொதுவாக ஜெபிக்கிறபோது நான் ஒருவரையும் பார்க்க வேண்டியதில்லை. பெயர் சொல்லும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்படிப் பார்த்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பணம் குறைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த நாளின் காட்சி ஒன்று மனத்தில் எழுந்தது: இரண்டு பிள்ளைகளின் தகப்பனார் ஒருவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ரசீதில் வகுப்பு தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று மேலாளரிடம் சத்தம் போட்டார்.

அதை ‘தேவ சத்தம்’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒருவரை நாள்தோறும் நினைத்துக்கொண்டிருந்தால் அவரைச் சுற்றி நடந்தவை நினைவுக்கு வருவது மனத்தின் இயல்புதான். ஆனால் நாள்தோறும் நினைக்க வைத்தது ஜெபம்.

அன்று மதியம் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பேருந்துக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு 4,600 ரூபாய், இரண்டு பிள்ளைகளுக்கு 9,200. அதே இரண்டு பெயர்களில், அதே தொகைக்கு, பதினொரு எண்கள் இடைவெளியில் இரண்டு கார்பன் நகல்கள் இருந்தன. தவறான ரசீதை மேலாளர் திரும்ப வாங்கி அதன் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதியிருக்கிறார்; ஆனால் அசல் தாள் அதற்கு முன்பே கிழிக்கப்பட்டுவிட்டதால் அந்தச் சொல் கார்பன் நகலில் பதியவில்லை. மாலையில் நகல்களை வைத்துக் கூட்டினால் ஒரே பணம் இரண்டு முறை வரும். வந்திருக்கிறது. ரத்தான அசல், மேசைமேல் காகிதம் குத்தும் கம்பியிலிருந்து எடுத்துக் கட்டிப் பரணில் போட்டிருந்த கட்டில், பழைய தேநீர்க் கணக்குத் தாள்களுக்கு நடுவே கம்பி ஓட்டையோடு கிடந்தது. யாரும் எதையும் திருடவில்லை. குறைந்தது பணமல்ல, கணக்குத்தான் மிகுந்துவிட்டது.

இனிப் பேசுவது எளிது என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். எனக்கு அன்றிரவு காய்ச்சல் வந்தது. உண்மை தெரியாதவரை என் மௌனம் வெறும் பயம். தெரிந்த பின் அதற்கு வேறு பெயர். ‘ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற’ என்ற நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்து வசனம் எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஏதோவொரு மாதத்தின் வசனமாக அச்சாகித் தொங்கியதுண்டு. அந்த அதிகாரத்தின் பிற்பகுதியான குணசாலியான ஸ்திரீயைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அதே அதிகாரத்தின் எட்டாம் வசனத்தை எடுத்து யாரும் பெண்களுக்குப் பிரசங்கித்துக் கேட்டதில்லை.

பெண்கள் கூட்டங்களில் தைரியத்துக்கு எப்போதும் காட்டப்படுகிறவள் எஸ்தர். ‘நான் செத்தாலும் சாகிறேன்’ என்று அவள் சொன்னது பெரிய சொல்தான். ஆனால் அவள் ராணி. எனக்கும் அவளுக்கும் நடுவே ஓர் அரண்மனை இருந்தது. எனக்கு அந்த நாட்களில் கைகொடுத்தவர் நெகேமியா. அவர் ராஜாவின் பானபாத்திரக்காரர், அதாவது இன்னொருவருடைய சம்பளத்தில் வாழ்ந்த ஊழியர். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்துகிடக்கும் நிலையைக் கிஸ்லேயு மாதத்தில் கேள்விப்பட்டு, நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறக்கிறார். நடுவே ஏறக்குறைய நான்கு மாதங்கள். ராஜா அவருடைய முகவாட்டத்தைக் கவனித்துக் கேட்டபோது, ‘அப்பொழுது நான் மிகவும் பயந்து’ என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு தொடர் எனக்குப் போதுமானதாக இருந்தது. பயந்தவர் பேசினார். பயம் போன பிறகு பேசுவதற்காகக் காத்திருந்தால் எருசலேமின் அலங்கம் இன்றுவரை இடிந்தே கிடந்திருக்கும்.

அவரிடம் நான் கற்ற இன்னொரு காரியம், அழுகையைவிட அதிகப் பயன்பட்டது. ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்று ராஜா கேட்டதும், அவர் மனத்துக்குள் ஒரு நொடி ஜெபித்துவிட்டு, தெளிவாகக் கேட்கிறார்: இத்தனை நாள் போய் வர அனுமதி, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், வனக்காவலர் ஆசாப்பிடமிருந்து கதவுகளுக்கும் உத்திரங்களுக்கும் மரம். எந்த மரத்தை யாரிடமிருந்து வாங்க வேண்டும் என்பதுவரை அந்த நான்கு மாதங்களில் விசாரித்து வைத்திருக்கிறார். பரிந்து பேசப் போகிறவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ‘பாவம் ஐயா, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்று கேட்டால், கேட்கப்பட்டவர் ஒன்றும் செய்யாமலே இரக்கமுள்ளவராக நம்மை அனுப்பிவைத்துவிடலாம்.

ஆனால் நானும் ஒரு தவறு செய்ய இருந்தேன். ஆயாம்மாவை மறுபடியும் வேலையில் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை என்று நானே முடிவுசெய்திருந்தேன். பெயர் சொல்லாமல் நான் விஷயத்தைச் சொன்னபோது, செவிலியர் அக்காதான், “அவளிடம் கேட்டாயா?” என்றார். கேட்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, இரண்டு பேருந்து மாறி அவருடைய வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பயந்துபோய், “எனக்காக நீ ஒன்றும் பேச வேண்டாம் மக்களே, போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள்” என்றார். இரண்டு ரசீதுகளைப் பற்றியும் சொன்ன பிறகு, வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போகத் தனக்கு மனமில்லை என்றும், உழைத்த கூலி வேண்டும் என்றும், தான் திருடவில்லை என்பதைத் தன்னைத் திருடி என்று சொன்னவர்களே அந்த அறையில் வைத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் கேட்கப் போனது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறு. அவரிடம் கேட்காமல் போயிருந்தால், அவருக்காக என்று சொல்லிக்கொண்டு என் மனச்சாட்சிக்காகவே பேசியிருப்பேன். யாருக்காகப் பேசுகிறோமோ அவருடைய சம்மதமும் அவருடைய சொற்களும் கையில் இல்லாமல் எந்த வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்பதை அன்று முதல் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஜெபக் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் ஒருவருடைய மானம் தெருத்தெருவாகப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆயாம்மாவின் பெயரை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. அவருடைய அனுமதி பெற்றுச் செவிலியர் அக்காவிடம் மட்டும் சொன்னேன். விஷயம் அரைகுறையாகக் கசிந்தபோது, அவர் இன்னும் ரட்சிக்கப்படாதவர்தானே, நம் சபைக் காரியங்களே எத்தனையோ இருக்கின்றனவே என்று ஒரு சகோதரி கேட்டார். ஆயாம்மா ஆடிச் செவ்வாயில் அம்மன் கோயிலுக்குப் பொங்கலிடுகிறவர். ஆபிரகாம் ஆறு முறை விடாமல் பேரம் பேசியது சோதோமுக்காக அல்லவா என்று அந்தச் சகோதரியிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதற்கும் அன்று தைரியம் வரவில்லை.

ஆபிரகாமின் அந்தப் பேச்சை அந்த வாரம் பலமுறை வாசித்தேன். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் சோதோமை அழிக்காமல் விடுவீரா என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறங்குகிறார். ‘இதோ, தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன் ஆண்டவரோடே பேசத்துணிந்தேன்’ என்கிறார். துணிவும் தாழ்மையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. எதிரில் இருப்பவரை அவமதிக்காமல், தன்னையும் ஒளித்துக்கொள்ளாமல், கேட்டதையே மறுபடி கேட்பது எப்படி என்று நான் அங்கே பார்த்துக்கொண்டேன்.

முதல் முறை தாளாளர் அறைக்குள் போனபோது, “என்னம்மா?” என்று அவர் நிமிர்ந்து பார்த்த கணத்தில், வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். விடுப்பு கிடைத்தது. அந்த அரைநாளை வீட்டில் உட்கார்ந்து, பேச வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுவதற்குச் செலவிட்டேன். ஏழு வாக்கியங்கள். அவற்றில் பெயரடைகளையெல்லாம் அடித்துவிட்டேன். ‘அநியாயமாக’ என்ற சொல்லையும் அடித்தேன், ஏனென்றால் அந்தச் சொல் வந்ததும் பேச்சு ரசீதை விட்டு யார் நல்லவர் என்ற வழக்குக்குப் போய்விடும் என்று தெரிந்தது. இரண்டு நகல்களையும் ரத்தான அசலையும் நகலெடுத்துக்கொண்டேன். பள்ளியின் மூத்த தமிழாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, ஒன்றும் பேச வேண்டாம், கூட வந்து உட்கார்ந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். ரெவிதீமில் நடந்த யுத்தத்தில், உயர்த்திப் பிடித்த மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் செய்தது அவ்வளவுதானே. அவர்கள் யுத்தத்தில் இறங்கவில்லை, கையைத் தாங்கிக்கொண்டார்கள். ஆசிரியர் வந்தார். அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தம் மேல்துண்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் அங்கே இருந்ததே எனக்குப் பெரிய பலம்.

நான் தாளைப் பார்த்தே பேசினேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாக்கியத்தில் தாளாளர் குறுக்கிட்டு, மேலாளர் போட்ட கணக்கைச் சோதிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். அதற்கு என் தாளில் பதில் இல்லை. அப்போது நான் சொன்னது முன்கூட்டி யோசித்ததல்ல: “ஐயா, அந்தத் தகப்பனாரிடம் கேளுங்கள். அவர் இரண்டு முறை பணம் கட்டியிருந்தால், 9,200 ரூபாயையும் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.”

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தில், ஓடிப்போன அடிமையான ஒநேசிமுவுக்காக, அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்கிறார். ஒரே அதிகாரம்தான், இருபத்தைந்து வசனங்கள். பலமுறை வாசித்திருந்தும் அதை மரியாதைக்குச் சொல்லும் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில்தான் அதன் எடை புரிந்தது. நான் இழக்க ஏதோ ஒன்றை மேசைமேல் வைத்த பிறகே தாளாளர் ரசீது நகல்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

இதை அப்படியே எல்லாரும் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மீறி நான் பட்டதும் உண்டு. இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, ஓர் இளைஞனின் கண்ணீரை மட்டும் நம்பி, விசாரிக்காமல், ஒரு குழுக்கடனுக்கு அவனுக்காகப் பேசினேன். அவன் ஊரை விட்டுப் போனான்; பதினான்கு மாதங்கள் நான் தவணை கட்டினேன். ஆயாம்மாவின் காரியத்தில் என் கையில் மூன்று தாள்கள் இருந்தன, தொகைக்கும் வரம்பு இருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விசுவாசத்தின் அளவில் இல்லை, விசாரித்ததிலும் விசாரிக்காததிலும் இருக்கிறது.

நான்கு நாட்கள் கழித்து, தாளாளர் ஆயாம்மாவை வரச் சொன்னார். பிடித்துவைத்த சம்பளம் முழுவதும் கொடுக்கப்பட்டது. கணக்கில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, வேண்டுமானால் திங்கள் முதல் வரலாம் என்று தாளாளர் சொன்னார். மேலாளர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. நீ திருடவில்லை என்றும் சொல்லவில்லை. ஆயாம்மா பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, “நான் எடுக்கவில்லை ஐயா, இனி நீங்களும் சொல்லாண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னுடைய ஏழு வாக்கியங்களும் இந்த ஒன்றின் பக்கத்தில் நிற்காது. வாயில்லாதவருக்காகப் பேசுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவருக்கு வாய் இருந்தது, அந்த அறைக்குள் வர வழிதான் அடைபட்டிருந்தது.

பதினொரு ஆண்டு உழைப்புக்குரிய பணிக்கொடை அதன் பிறகுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. அன்று நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வேலை செய்து விலகுகிறவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் தர வேண்டியிருந்தது. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்துத்தான் நாள் ஊதியத்தைக் கணக்கிட வேண்டியிருந்தது. அவருடைய மாதச் சம்பளம் 6,500 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 3,750. பதினொரு ஆண்டுக்கு 41,250 ரூபாய். இந்தக் கணக்கைப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அந்தச் சட்டம் முப்பது நாள் என்றது. விண்ணப்பத்தை நான் எழுதிக்கொடுத்தேன், அவர் கையெழுத்திட்டார், பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வாங்கி வைத்தோம். பதில் இல்லாதபோது தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு இரண்டு முறை போனோம். இரண்டு தவணைகளில் பணம் வந்தது. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போன விதவையின் உவமையை நான் அதுவரை ஜெபத்தைப் பற்றிய உவமையாகவே கேட்டிருந்தேன். அவள் நடந்த தூரத்தைப் பற்றி அந்த அலுவலகத்தின் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன்.

எனக்கு நேர்ந்ததையும் மறைக்கக் கூடாது. அந்த ஆகஸ்டில் என்னை அலுவலகத்திலிருந்து புத்தகக் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். அடுத்த கல்வியாண்டில் மகளின் கட்டணச் சலுகை நின்றது; ஊழியர் சலுகை விதிகள் மாறிவிட்டன என்று ஒரு தாள் வந்தது. அவளை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். முதல் மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ‘நீ அந்த ஆயாம்மாவுக்காகப் பேசினாய், எனக்காக யாரிடம் பேசினாய்?’ என்று ஒரு நாள் கேட்டாள். இதற்கு வேதவசனத்தில் பதில் தேடி அவளிடம் ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவெடுப்பதற்கு முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். விலையில் அவளுக்கும் பங்கு இருக்கும்போது அவளைக் கேட்காமல் நான் துணிந்தேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பரிந்து பேசுகிறவர்களுக்குப் பின்னால் வரும் ஒரு நோயும் உண்டு. நான்தான் காப்பாற்றினேன் என்ற நினைப்பு மெல்ல வளரும். சாட்சி சொல்லச் சொல்ல, கதையில் தாளாளர் இன்னும் கடினமாகவும் என் குரல் இன்னும் உறுதியாகவும் மாறிக்கொண்டே போகும். அதைத் தடுக்கவே விடுப்புக் கேட்டு ஓடிவந்த கதையை ஒவ்வொரு முறையும் விடாமல் சொல்கிறேன். சோதோமுக்காகப் பேசிய ஆபிரகாமுக்குச் சோதோம் கிடைக்கவில்லை. மறுநாள் விடியற்காலத்தில் எழுந்து, தான் கர்த்தருக்கு முன்பாக நின்ற அதே இடத்துக்கு வந்து பார்க்கிறார். சூளையின் புகையைப்போலப் புகை எழும்புகிறது. ஆபிரகாமை நினைத்துத் தேவன் அங்கே குடியிருந்த அவருடைய சகோதரன் மகன் லோத்தை வெளியே அனுப்பினார் என்று அடுத்த வசனம் சொல்கிறது, ஆனால் அது அந்தக் காலையில் அவருக்குத் தெரிந்ததாக எழுதப்படவில்லை. கேட்டது முழுதாகக் கிடைக்காத காலைகளில் நான் அந்த இடத்துக்குப் போய்வருவேன்.

இப்போது என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. விரித்தால் இடப்பக்கம் ஒரு பெயர், எதிரே வலப்பக்கம் அவருக்காக நான் செய்ய வேண்டியது: யாரைப் பார்க்க வேண்டும், என்ன தாள் வேண்டும், எந்தத் தேதி. ஒரு நேரத்தில் ஐந்து பெயர்களுக்குமேல் எழுதுவதில்லை. அதற்குமேல் போனால் மறுபடியும் ‘எல்லாரையும் நினைத்தருளும்’ என்ற ஜெபத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வலப்பக்கம் எழுத ஒன்றுமே இல்லாத பெயர்களும் உண்டு. மரணப் படுக்கையில் இருப்பவர்கள், என்னால் எட்ட முடியாத தேசத்தில் இருப்பவர்கள். அங்கே சிறு கோடு ஒன்று போட்டுவைப்பேன்.

ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலத்தில், சென்ற முறை, அந்த மேலாளரின் பெயரை இடப்பக்கம் எழுதினேன். யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் அவன் சிறையிருப்பு மாறியது என்ற வசனத்தை ஆயர் அன்று வாசித்தார். வீட்டுக்கு வந்து, கோபம் மாறுவதற்குள், எழுதிவிட்டேன். நாற்பது நாளும் அந்தப் பெயரைச் சொன்னேன். அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை, அவருக்கும் என்னிடமிருந்து ஒன்றும் வேண்டியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார், கையில் மருத்துவமனைக் கோப்பு இருந்தது. நான் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டேன். நோட்டின் வலப்பக்கத்தில் அவருக்கு எதிரே கோடு போடலாமா என்று அன்றிரவு பேனாவை எடுத்தேன். போடவில்லை, அது இன்னும் வெற்றுப் பக்கமாகத்தான் இருக்கிறது.